காணொளியிலிருந்து அசைபடம்: கள ஆய்வு செய்யும் மாணவர்க்கு

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் குடைவரைக் கோயிலின் முன்னே விசயநகரக் காலத்து மண்டபம் ஒன்று உள்ளது. தேர் வடிவில் அமைந்த அம்மண்டபத்திற்குச் சக்கரங்களும் உண்டு. இழுத்துப் பாயும் குதிரைகளும் உண்டு. பாய்ச்சலின் ஒரு கணத்தைத் தேர்ந்து கல்லில் நிறுத்தினான் சிற்பி. எஞ்சிய அசைவைக் காண்போர் தம் மனத்தில் நிறைவு செய்துகொள்கின்றனர்.

அவ்வசைவைக் கண்முன் கொணரும் முயற்சி 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெற்றி பெற்றது. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் உண்டு என்பதும், அப்போது அவை நீண்டு விரியாமல் வயிற்றின் அடியில் மடங்கியிருக்கும் என்பதும் அப்படங்களால் புலனாயின. பின்னர் அவர், தம் படங்களைப் பார்த்து வரைந்த உருவங்களைக் கண்ணாடி வட்டில் அமைத்துச் சுழற்றித் திரையில் காட்டினார். வட்டு சுழலுந்தோறும் குதிரை அதே ஓட்டத்தை மீண்டும் மீண்டும் ஓடியது. இன்று 'ஜிஃப்' என வழங்கும் அசைபடத்தின் தத்துவமும் இதுவே.

ஜிஃப் என்னும் கோப்பு வடிவத்தை 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் உருவாக்கினார். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூற்றில் ஒரு பங்கு அளவையில் குறிக்கும் வசதி 1989-இல் சேர்ந்தது. முடிவின்றிச் சுழலச் செய்யும் ஏற்பாட்டை 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி புகுத்தியது. இதனை 'ஜிஃப்' என்பதா, 'கிஃப்' என்பதா என்னும் வழக்கு ஆங்கிலத்தில் ஓய்ந்தபாடில்லை. உருவாக்கியவர் 'ஜிஃப்' என்றே கூறினார். ஆங்கிலத்தில் எழுதுவோர் ஐயத்தை எழுத்துக்குள் மறைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுவோர் முதல் எழுத்திலேயே ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும்.

எதை அசைபடமாக்குவது?

தேர் மண்டபத்தைச் சுற்றி நடந்து எடுத்த காட்சியை அசைபடமாக்கினால், அங்கே அசைவது கேமராவேயன்றிச் சிற்பமன்று. கல்லுக்கு நல்ல நிழற்படமே போதும். ஆனால் இம்மாவட்டத்து அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றைச் செய்யும் வேளாரின் கலை, முடிந்த பொருளில் மட்டும் இல்லை. கையின் அசைவில் இருக்கிறது. பானை வனைவதிலும் அப்படியே. ஒரு கை பானையின் உட்புறம் கல்லைத் தாங்கிப் பிடிக்க, மறு கை வெளிப்புறம் பலகையால் தட்டும். இவ்வொத்திசைவை ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதினாலும் படிப்போர்க்கு விளங்குவது அரிது. நான்கு நொடிக் காட்சி சுழன்றுகொண்டிருக்க, ஆசிரியரோ மாணவரோ அருகில் நின்று விளக்கினால் எளிதில் விளங்கும்.

அந்த நான்கு நொடியை அப்படியே எடுத்தல் கூடாது. முழு உயர்தெளிவுக் காணொளியில் ஒரு சட்டகம் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்டது. நொடிக்கு 30 சட்டகம் எனில் நான்கு நொடிக்கு 120. படத்தை 480-க்கு 270 எனச் சுருக்கினால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகும். நொடிக்குப் பத்துச் சட்டகம் என வைத்தால் 120 சட்டகம் 40 ஆகும். ஆகச் சுமை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. தட்டும் கையின் அசைவு அப்போதும் தெளிவாகவே தெரியும். மிக விரைந்த அசைவுக்கு மட்டும் சட்டகங்களைச் சற்றுக் கூட்டலாம்.

வண்ணத்தில் ஒரு வரம்பு உண்டு. ஜிஃபின் ஒரு சட்டகத்தில் 256 வண்ணங்களுக்கு மேல் இடமில்லை. மண், கை, பலகை ஆகியவற்றுக்கு இது தாராளம். பட்டுச் சேலையும் மாலை வானமும் திட்டுத்திட்டாகும். கேமராவைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி எடுப்பது நன்று. பின்னணி மாறாதிருந்தால், மாறிய பகுதியை மட்டும் அடுத்த சட்டகத்தில் பதிந்து கோப்பைச் சிறிதாக்க இயலும். கை நடுங்கினால் ஒவ்வொரு புள்ளியும் மாறும், கோப்பும் பருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள், காட்சிக்கேற்ற வண்ணத் தொகுதியை முதலில் தெரிந்தெடுத்துப் பின்னர் அசைபடத்தை ஆக்கித் தரும்.

இவ்வளவு பாடுபட்டும், அதே காட்சியை எம்பி4 காணொளியாக வைத்தால் கோப்பு பெரும்பாலும் இன்னும் சிறியதாகவே இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஜிஃப் ஒரு படமாகவே வில்லையில் அமர்கிறது. சொடுக்க வேண்டாம், தானே ஓடும். நெடுங்காட்சிக்குக் காணொளி, மீளும் சிற்றசைவுக்கு ஜிஃப்.

இழப்பது குரலை

ஜிஃபில் ஒலி இல்லை. குயவர் தட்டும்போது எழும் ஓசையும், அவர் வாயிலிருந்து வரும் சொற்களும் அப்படியே உதிர்ந்துபோகின்றன. மண்ணின் பதத்துக்கும் கருவிக்கும் செய்கைக்கும் அவரிடம் உள்ள பெயர்கள் பல அகராதியில் ஏறாதவை. தமிழ் மாணவனுக்கு அச்சொற்கள் படத்தினும் பெரிய செல்வம் என்பது என் கருத்து. எனவே வெட்டுவதற்கு முன் மூலக் காணொளியை, இடமும் நாளும் குறித்து, தனியே பாதுகாத்தல் வேண்டும். வில்லையில் அசைபடத்தின் கீழ் அவர் சொன்ன சொல்லையே எழுதுக. நாம் புனைந்த கலைச்சொல்லை அன்று.

சுழலும் படம் உழைப்பையும் மறைக்கும். நான்கு நொடி ஓய்வின்றி மீள, பார்ப்போர்க்கு வேலை எளிதாகத் தோன்றும். பானை உலரும் நாட்களும் சூளையில் வேகும் பொழுதும் அதில் இல்லை. அவற்றை அடுத்த வில்லையில் எழுத்தாகவேனும் சொல்ல வேண்டும். முகம் தெரியுமாயின் அவரிடம் காட்டி இசைவு பெறுதலும் கடன்.

கேமரா பானையின் வாய்க்குச் சற்று மேலிருந்து நோக்கட்டும். இல்லையேல் உள்ளே கல் பிடித்த கை தெரியாது. பலகை ஓங்கிய நிலையில் தொடங்கி, மீண்டும் அதே நிலை வரும் சட்டகத்துக்கு முந்தியதில் வெட்டினால் தொடுப்பு தெரியாமல் சுழலும். அங்ஙனம் மூடிய சுழற்சியை எந்தச் சட்டகத்திலிருந்தும் தொடங்கலாம். வில்லைகளைத் தாளில் அச்சிடும்போது ஒரு சட்டகம், பெரும்பாலும் முதலாவது, மட்டுமே நிற்கும். ஆதலால் கல்லும் பலகையும் ஒருங்கே தெரியும் சட்டகத்தை முதலில் வைக்க.