அரிக்கேன் விளக்குக்கு வயசு பார்ப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கீங்களா? பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கும். உள்ளே நுழைஞ்சா ஏதாவது ஒரு மூலையில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். சில வீட்டில் அதை லாந்தர்னு சொல்வாங்க, சில ஊரில் ராந்தல். விலை கேட்டா கடைக்காரர் சொல்ற முதல் வார்த்தை, "நூறு வருஷத்துப் பொருள் சார்!"

அது நூறு வருஷமா, போன வருஷமா? இதைக் கண்டுபிடிக்க நிபுணரா இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பழைய விளக்குகளில் வயசுக்கான தடயம் எங்கேயாவது பதிஞ்சிருக்கும். அதை எப்படிப் படிப்பது, அதை அழிச்சிடாம எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில் குழாயைப் பாருங்க

அரிக்கேன் விளக்கின் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் குழாய்கள் வெறும் கைப்பிடிச் சட்டம் இல்லை. சுடருக்குக் காற்று போகும் பாதையே அதுதான். காற்று அதன் வழியாகத் தணிந்து வருவதால்தான் வெளியே புயல் அடித்தாலும் சுடர் அணையாது. இந்த அமைப்பை உருவாக்கியவர் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர். காலம் 1860-களின் கடைசி.

இதில் இரண்டு வகை இருக்கு. முதலாவது 'ஹாட் பிளாஸ்ட்'. சுடரிலிருந்து மேலே போகும் சூடான காற்றில் ஒரு பகுதி திரும்பவும் குழாய் வழியா கீழே வரும். ஏற்கனவே எரிந்த காற்று என்பதால் ஆக்ஸிஜன் குறைவு, வெளிச்சமும் கொஞ்சம் மங்கல். இரண்டாவது 'கோல்ட் பிளாஸ்ட்'. 1870-களில் வந்தது. புகை நடுவில் இருக்கும் புகைபோக்கி வழியா வெளியே போயிடும். அதைச் சுற்றியிருக்கும் தனி அறையிலிருந்து புதுக் காற்று மட்டும் குழாயில் இறங்கும். அதனால் வெளிச்சம் பளிச்.

கடையில் விளக்கைக் கையில் எடுத்ததும் குழாய்கள் மேலே எங்கே போய்ச் சேருதுன்னு பாருங்க. கண்ணாடிக்கு நேர் மேலே உள்ள கூம்பிலேயே சேர்ந்தால் ஹாட் பிளாஸ்ட். புகைபோக்கியைச் சுற்றிய தனிப் பெட்டியில் சேர்ந்தால் கோல்ட் பிளாஸ்ட். இரண்டு வகையும் பல காலம் ஒரே நேரத்தில் விற்பனையில் இருந்தவை. அதனால் வகையை வைத்து மட்டும் வயசு சொல்ல முடியாது.

எழுத்தைத் தேடுங்க

வயசுக்கு முத்திரைதான் முக்கியம். மேல் கூம்பு, பக்கக் குழாய், எண்ணெய்த் தொட்டி, திரியை ஏற்றி இறக்கும் திருகு, கண்ணாடி, இந்த ஐந்து இடத்திலும் தேடுங்க. மொபைல் டார்ச்சை நேராக அடிக்காம பக்கவாட்டில் சாய்த்து அடிச்சா தேய்ந்துபோன எழுத்தும் தெரியும்.

'டியட்ஸ்' என்று இருந்தால், அது 1840-இல் தொடங்கிய அமெரிக்க கம்பெனி. அந்த விளக்குகளில் சில தேதிகள் வரிசையா இருக்கும். பல பேர் அதைத் தயாரித்த தேதின்னு நினைச்சுக்குறாங்க. அது காப்புரிமை கிடைத்த தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் இந்த விளக்கு செய்யப்படவில்லை என்று மட்டும்தான் அதை வைத்துச் சொல்ல முடியும். அதே விளக்கில் 'ஹாங்காங்' என்று இருந்தால் 1956-க்கு அப்புறம் வந்தது. அந்த வருஷத்திலிருந்துதான் டியட்ஸ் தயாரிப்பு அங்கே நகர ஆரம்பித்தது.

'ஃபாயர்ஹாண்ட்' என்றால் ஜெர்மன் விளக்கு. பெயருக்கே 'நெருப்புக் கை'ன்னு அர்த்தம். இதில் நாட்டின் பெயரைக் கவனமா படிங்க. 'மேற்கு ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அந்த நாடு உருவான 1949-க்கும் ஜெர்மனி ஒன்றான 1990-க்கும் நடுவில் செய்தது. வெறும் 'ஜெர்மனி' என்றால் போருக்கு முந்தையதாகவும் இருக்கலாம், நேற்று வந்ததாகவும் இருக்கலாம். வேற தடயம் தேடணும்.

நமக்கு ரொம்பவே பக்கத்தில் இருப்பது ரயில்வே விளக்குகள். சிவப்பு, பச்சை கண்ணாடி வைத்த கைவிளக்கில் எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் அது சவுத் இந்தியன் ரயில்வே. எம்.எஸ்.எம்.ஆர். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. இரண்டும் 1951 ஏப்ரல் 14-இல் உருவான தெற்கு ரயில்வேயில் இணைந்தன. அப்படின்னா அந்த முத்திரை உண்மையா இருந்தா விளக்கு அதற்கு முந்தையது.

பெட்ரோமாக்ஸும் மணவாளக்குறிச்சியும்

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கையில் மேண்டில் என்ன பாடு பட்டதுன்னு எல்லோருக்கும் தெரியும். பெட்ரோமாக்ஸ் என்பது பெர்லினில் பிறந்த ஒரு பிராண்ட். நம்ம ஊரில் பம்ப் அடித்து எரிக்கிற எல்லா விளக்குக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் கடைக்காரர் 'பெட்ரோமாக்ஸ்' என்றாலும், தொட்டியில் அந்தப் பெயர் பதிஞ்சிருக்கான்னு நீங்க பார்க்கணும்.

அந்த வெள்ளை வலைதான் விஷயமே. தொட்டியில் அழுத்தம் ஏறினதும் மண்ணெண்ணெய் மேலே போய், சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து எரியும். அந்தச் சூட்டில் மேண்டில் ஜொலிக்கும். அப்படி ஜொலிக்க அதில் தோரியம் ஆக்ஸைடு இருந்தது. தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். அடுத்து மணல் ஆலை வந்த இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி!

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கு. தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது. பழைய விளக்கில் உடைந்த மேண்டில் தூள் இருந்தால் வாயால் ஊதாதீங்க. ஈரத்துணியால் துடைத்து, துணியோடு ஒரு கவரில் கட்டி எறிஞ்சிடுங்க. கையைக் கழுவுங்க.

போலியை எப்படிப் பிடிப்பது?

ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க. பித்தளைன்னு சொன்ன விளக்கில் காந்தம் ஒட்டினா, உள்ளே இரும்பு, மேலே பூச்சு. அடுத்தது திருகாணி. கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. '1900-இல் செய்தது' என்ற விளக்கில் அது இருந்தால் கேள்வி கேளுங்க.

தேய்மானத்தையும் பாருங்க. நிஜமா உழைத்த விளக்கு கைபடும் இடத்தில்தான் தேய்ஞ்சிருக்கும். கம்பி மாட்டும் காது, திரியின் திருகு, தொட்டி மூடி. கூம்புக்கு உள்ளே கரி படிந்திருக்கும். போலியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுப்பு இருக்கும், உள்ளே மட்டும் சுத்தமா இருக்கும்.

வாங்கிய பிறகு

இங்கேதான் நிறைய விளக்குகள் வீணாகுது. வீட்டுக்கு வந்ததும் அம்மா புளி போட்டுத் தேய்ச்சிடுவாங்க, இல்லைன்னா நாமே உப்புத்தாள் எடுப்போம். விளக்கு மின்னும். ஆனா மெல்லிய எழுத்து, பழைய பெயின்ட், தகரத்தின் பூச்சு எல்லாம் அதோடு போயிடும். பல்பு மாட்ட தொட்டியில் ஓட்டை போடுறதும் இதே கணக்குதான். போன எழுத்து திரும்ப வராது.

அதனால் முதல் வேலை, எல்லா முத்திரையையும் போட்டோ எடுங்க. அப்புறம் மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணி, உடனே உலர்த்தல், துரு இருக்கும் இடத்தில் ஒரு துளி எண்ணெய். போதும். பம்ப் விளக்கைப் பழக்கமில்லாம ஏற்றிப் பார்க்காதீங்க.

சட்டமும் தெரிஞ்சுக்கணும். நூறு வயசு தாண்டிய உலோகப் பொருட்கள் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோயில் பெயரோ, கொடுத்தவர் பெயரோ வெட்டின விளக்கு விலைக்கு வந்தால் வாங்கவே வாங்காதீங்க.

கடைசியா ஒண்ணு. முதல் விளக்கைக் கடையில் தேட வேண்டாம், வீட்டுப் பரணில் தேடுங்க. கிடைச்சா, அதை யார் வாங்கினது, எந்த ஊரில் எரிந்ததுன்னு தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி விளக்கோடு கட்டி வைங்க. வருஷத்தை முத்திரை சொல்லிடும். அது யார் வீட்டுத் திண்ணையில் தொங்கியதுன்னு அவங்கதான் சொல்லணும்.