மணல் சொல்லித் தரும் பாடம்

வீடு கட்டும் இடத்தில் மணல் வந்து இறங்கியதும் முதலில் ஓடி வருபவர்கள் யார்? கொத்தனார்களா? இல்லை, தெருக் குழந்தைகள்! புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலும் சரி, உங்கள் ஊரிலும் சரி, இது மாறுவதில்லை. "உடம்பெல்லாம் மண், எழுந்து வா!" என்று உங்கள் தம்பியை அதட்டியிருப்பீர்கள். ஆனால் அவன் அங்கே பாடம் படிக்கிறான்.

மணலை அள்ளும்போதும் பிடிக்கும்போதும் நுனிவிரலால் கோடு இழுக்கும்போதும் கையின் சிறு தசைகள் வலுப்பெறுகின்றன. கண்ணும் கையும் இணைந்து இயங்கப் பழகுகின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்க இவை இரண்டுமே தேவை.

இதை நம் திண்ணைப் பள்ளிகள் நன்கு பயன்படுத்தின. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர்; ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான். ஓலையில் கீறியது அழியாது. மணலிலோ கையால் தடவினால் போதும், பிழை மறைந்துவிடும். அச்சமின்றி மீண்டும் எழுதலாம்.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் இந்த மணல் எழுத்தைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர் இணங்காததால், ஒரு மாணவனைக் கொண்டே சிறுவர்களுக்குக் கற்பித்தார். இதைப்பற்றி 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. மணல் தட்டுகளும் அங்குள்ள வகுப்பறைகளுக்குள் நுழைந்தன!

மணல் வீடு கட்டும் குழந்தை இயற்பியலையும் தொட்டுப் பார்க்கிறது. உலர்ந்த மணல் சரிகிறது. சிறிது நீர் சேர்ந்தால் நிற்கிறது. மணிகளுக்கிடையே தங்கும் நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைக்கிறது. நீர் மிகுந்தால் மணிகளுக்கிடையே உள்ள காற்று முழுதும் வெளியேறிவிடும். பிணைப்பு போய், வீடு சரிந்துவிடும்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சம அளவு மணல் எடுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் கண்ணெதிரே ஒன்றை அகன்ற தட்டில் கொட்டுங்கள். "எதில் மணல் அதிகம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமாகத் தெரியும் டம்ளரையே காட்டும்! வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏறத்தாழ ஏழு வயதில்தான் விளங்குகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் ழான் பியாஜே கண்டறிந்தார். அள்ளியும் கொட்டியும் பார்க்கும் அனுபவம் அந்த அறிவுக்குத் துணை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: தெரு மணலில் ஆணியும் கண்ணாடித் துண்டும் இருக்கலாம். நாய், பூனைகளின் கழிவால் புழுத் தொற்றும் வரலாம். சலித்துக் கழுவி வெயிலில் உலர்த்திய மணலை ஒரு தொட்டியில் நிரப்புங்கள். விளையாடாத நேரத்தில் மூடி வையுங்கள். விளையாடி முடித்ததும் சோப்பிட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

பிறகு, தம்பியிடம் ஒரு கொட்டாங்குச்சியையும் கொஞ்சம் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள்!