அந்தச் சின்ன வாஷர்!

போன ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்து மணி இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். சமையலறையை ஒட்டிய சாமி அலமாரியின் முன்னால் என் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்கில் எண்ணெய் விட்டுத் திரி போட்டாயிற்று. ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி. உரச வேண்டியதுதான் பாக்கி.

குப்பென்று கேஸ் வாடை!

"அத்தை! பத்த வைக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தீப்பெட்டி கீழே விழுந்தது.

"ஏன் கண்ணு இப்படிக் கத்தறே?" என்று அவர் திகைத்தார். பாவம், அவருக்கு வாடையே தெரியவில்லை. 2021-ல் கொரோனா வந்து தேறியதிலிருந்து அவருக்கு மல்லிகைப் பூவும் ஒன்றுதான், அடிப்பிடித்த பாலும் ஒன்றுதான். வயதானாலும் மூக்கு மந்தமாகும். சமையல் கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை மூக்கு உள்ளவர்களுக்குத்தானே!

இன்னொன்று: இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். தரையில் வைத்த குத்துவிளக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

எந்த ஸ்விட்சையும் போடவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கொல்லைப்புறம் ஓடி சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேன். கதவு, ஜன்னலெல்லாம் திறந்து போட்டு, அத்தையையும் குழந்தையையும் வாசலுக்குக் கூட்டி வந்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

<b>புதுக் குழாய்க்கு என்ன கேடு?</b>

எனக்குப் புரியாதது இதுதான். நாங்கள் ராசிபுரம் பக்கம் புது வீடு கட்டி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சிலிண்டர் வெளியே இருக்க, சுவர் வழியாகக் குழாய் வந்து, மேடைக்கு அடியில் அடுப்போடு சேரும் இடத்தில் பளபளவென்று நெளிவு நெளிவான எவர்சில்வர் ஹோஸ் போட்டிருந்தோம். "ரப்பர்னா எலி கடிக்கும். இது ஸ்டீலுங்க, உங்க ஆயுசுக்கும் வரும்" என்று சொன்னார் மாட்டியவர். சேலத்துக்காரிக்கு ஸ்டீல் என்றால் நம்பிக்கை வராதா? கஞ்சமலை அடிவாரத்தில் 1981-ல் உருக்காலை ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பெயரே எவர்சில்வருக்கு அடைமொழி ஆகிவிட்டதே!

என் அண்ணன் நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரி ஓட்டுகிறார். 1997-ல் தனி மாவட்டமான நாமக்கல்லுக்குக் கோழிப் பண்ணை எப்படியோ அப்படித்தான் லாரியும். தென்மண்டல கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்துக்கே அதுதான் தலைமை இடம். விஷயம் தெரிந்ததும் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்.

வீட்டில் வாடை சுத்தமாகப் போய்விட்டதா என்று முதலில் பார்த்தார். சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, ஹோஸ் நெடுகவும் இரண்டு முனையிலும் தடவினார். அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை ஒரு நிமிஷம் மட்டும் திறக்கச் சொன்னார். நெளிவுகளில் ஒரு குமிழி இல்லை. அடுப்புப் பக்கத்து நட்டில் மட்டும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

"பாத்தியா கண்ணு? குழாய் நல்லாத்தான் இருக்குது. ஒழுகறது முனை. எங்க லாரியிலயும் இதே கதைதான். லோடு இறக்கறப்போ நாங்க குழாயோட நடுவை மட்டும் பாக்கறதில்லே. மொதல்ல முனையைத் துடைச்சு, உள்ளே இருக்கற வளையம் சரியா இருக்குதான்னுதான் பாப்போம்."

<b>முனையில் என்ன இருக்கிறது?</b>

அண்ணன் ரெகுலேட்டரை மூடி, நட்டைக் கழற்றிக் காட்டினார். நான் அன்று கற்றதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஹோஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் வெகு குறைவான கனமுள்ள தகட்டால் ஆனது. நெளிவுகள்தான் அதற்கு வளையும் தன்மையைத் தருகின்றன. ஆனால் நெளிவான ஒன்றை நேரான மரையோடு எப்படிச் சேர்ப்பது? வீட்டு ஹோஸ்களில் பல வகைகளுக்கு ஒரே உபாயம்தான். நெளிவின் பள்ளத்தில் ஒரு வளையத்தை மாட்டி, கடைசி நெளிவை நசுக்கித் தட்டையான விளிம்பாக்குகிறார்கள். அதன் மேல் வாஷர். நட்டை இறுக்கினால் விளிம்பு வாஷரை அழுத்தும். கசிவைத் தடுப்பது அந்த வாஷர்தான். மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வாஷரோ உப்பிப்போய், ஒரு ஓரம் பிதுங்கிக் கிழிந்திருந்தது. "இது தண்ணிக் குழாய்க்குப் போடற வாஷர்ம்மா. கேஸ் பட்டா சில ரப்பர் ஊறி உருக்குலைஞ்சு போயிரும். கேஸுக்குன்னு தனி ரப்பர் இருக்குது" என்றார் அண்ணன். போதாக்குறைக்கு மரையில் வெள்ளை டேப் சுற்றி, பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருந்தது. அந்த முறுக்கில் ஹோஸே திருகிக்கொண்டு நின்றது.

வேடிக்கை என்னவென்றால், உலோக ஹோஸ் பிறந்தது நகைக்கடையில்! 1885-ல் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற நகைத்தொழில் ஊரைச் சேர்ந்த ஹைன்ரிஷ் விட்ஸன்மன் என்பவர், பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து, தகட்டுச் சுருளாலான ஒரு கழுத்தணியைப் பார்த்து அதைச் செய்தாராம். தகடும் தகடும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க அன்றே ரப்பர் இழை வைக்க வேண்டியிருந்தது. எவ்வளவு மின்னினாலும் நகைக்குக் கொக்கி எப்படியோ, ஹோஸுக்கு முனை அப்படி.

<b>நாம் பார்க்க வேண்டியவை</b>

"நீயே மாட்டிடேன் அண்ணா" என்றேன். "நான் லாரிக்காரன். அடுப்புக்கு ஏஜென்சி ஆளைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். அன்றே ஏஜென்சி மெக்கானிக் வந்து, கம்பி வலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 'சுரக்ஷா' ரப்பர் ஹோஸை மாட்டிக் கொடுத்தார். அதில் தேதி அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் ஆனால் மாற்றிவிட வேண்டும். ஆயுசுக்கும் வரும் என்று எந்த ஹோஸையும் நம்பக் கூடாது.

மாதம் ஒரு முறை சோப்பு நுரையால் இரண்டு முனைகளையும் பாருங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். குமிழி வந்தால் இன்னும் இறுக்கிப் பார்க்கலாம் என்று ஸ்பானரைத் தூக்க வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் வாஷர்தான் கிழியும். மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாடை பலமாக இருந்தால் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

குளியலறை கீஸருக்கும் சோலார் வெந்நீருக்கும் இதே நெளிவு ஹோஸ்தான் பல வீடுகளில் இருக்கிறது. அங்கே ஒழுகுவது தண்ணீர்தான் என்றாலும் சுவரும் மின்சாரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மாட்டும்போது ஒரு ஸ்பானரால் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். ஹோஸ் முறுக்கக் கூடாது. முனையை ஒட்டி நாலு விரற்கடை நேராக இருக்கட்டும், வளைவு அதற்கப்புறம். நம் பக்கத்து உப்புத் தண்ணீருக்குக் கறை போகவில்லையே என்று ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம் அல்லவா? அது தெறித்தால் எவர்சில்வரும் அரித்துப்போகும்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது என் வேலை. காலையில் விளக்கேற்றும் முன் அத்தை என்னைக் கூப்பிடுவார்: "கண்ணு, வந்து ஒருக்கா மோந்து பாரு!"

நான் வந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்து, "ஏத்துங்க அத்தை" என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் தீக்குச்சி உரசுகிறது. உங்கள் வீட்டிலும் மூக்கு மந்தமான பெரியவர்கள் இருப்பார்களே? அவர்களுக்காக இன்றே அந்த இரண்டு முனைகளையும் பார்த்துவிடுங்களேன்!