வரிக் கணக்கைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மீண்டும் கடை திறக்கும் குடும்பங்கள் பல, வரி வேலைக்குக் கணக்காளரை நாடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அவர் பொய்க் கணக்குக் காட்டினாலும், வரி கட்டக் கொடுத்த பணத்தைத் தாமே வைத்துக்கொண்டாலும், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வரியையும் தண்டத்தையும் உங்களிடமே கேட்கும்.

2002இல் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்த பின்னர், போலி நிறுவனங்களின் பெயரில் மீளளிப்புக் கோரி 300 கோடி ரூபாவுக்கு மேல் மோசடி செய்யப்பட்டது. மோசடிக்காரருக்கு ஒரு பெயரும் சில படிவங்களும் போதும். உங்கள் பெயர் அதற்குப் பயன்படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

• வெற்றுப் படிவத்திலோ வெற்றுக் காசோலையிலோ கையொப்பமிட வேண்டாம்.

• வரிப் பணத்தை நீங்களே வங்கியில் செலுத்துங்கள். பற்றுச்சீட்டில் உங்கள் வரி இலக்கம், வரியின் வகை, காலப்பகுதி ஆகியவை சரியா எனப் பாருங்கள்.

• திணைக்களத்தில் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையே பதியுங்கள். இணையக் கணக்கின் இரகசிய இலக்கத்தை நீங்களே வைத்திருங்கள்.

• கணக்காளரிடம் பிரதிகளை மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரங்கள் வீட்டில் இருக்கட்டும்.

• வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதற்கான வருமான விவரத்திரட்டை அடுத்துவரும் நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். சமர்ப்பித்ததற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்காளர் பற்றுச்சீட்டைக் காட்டத் தயங்கினால் காத்திருக்க வேண்டாம். 1944 இலக்கத்தில் திணைக்களத்தை அழைத்து, உங்கள் பெயரில் வரி கட்டப்பட்டுள்ளதா என விசாரியுங்கள். தமிழும் அரசகரும மொழியே. தயங்காமல் தமிழில் கேளுங்கள்.