கணிப்பொறி ஏன் திடீரென்று நின்றுவிடுகிறது?

ஐப்பசி மாதம். நாகர்கோவிலில் மதியம் வரை நல்ல வெயில். மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. பள்ளியின் கணிப்பொறி அறையில், அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் தட்டச்சு செய்துவரும் கட்டுரை முடியும் தறுவாயில் இருக்கிறது. பெரிய இடி ஒன்று! விளக்கு ஒருமுறை அணைந்து எரிகிறது. அந்த நொடியில் திரை இருண்டுவிடுகிறது. மீண்டும் இயக்கிப் பார்த்தால் கட்டுரையைக் காணோம். "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்கிறான் பக்கத்தில் இருக்கும் நண்பன்.

உண்மையில் எதுவும் கெடவில்லை. கணிப்பொறிக்கு இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. ஒன்று கரும்பலகை போன்றது. வேகமாக எழுதலாம், அழிக்கலாம். ஆனால் மின்சாரம் இருக்கும்வரைதான் எழுத்து நிற்கும். இதை ராம் என்கிறோம். மற்றொன்று நோட்டுப் புத்தகம் போன்றது. மின்சாரம் போனாலும் எழுதியது இருக்கும். இது வட்டு. நீங்கள் தட்டச்சு செய்வது முதலில் கரும்பலகையில்தான் ஏறுகிறது. 'சேமி' என்று கட்டளையிட்டால்தான் நோட்டுக்குப் போகிறது. கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தியிருந்தால், இடியினால் பத்து நிமிட வேலைதான் போயிருக்கும்.

மின்சாரம் சரியாக இருக்கும்போதும் கணிப்பொறி நின்றுவிடுவது உண்டு. அது ஏன்?

உறைவதும் விழுவதும்

சில நேரம் திரை அப்படியே உறைந்துவிடும். சுட்டியை அசைத்தாலும் நகராது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலத்தில் இரு புறமிருந்தும் இரண்டு பேருந்துகள் ஏறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். "நீ பின்னால் போ" என்று ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்கும். இரண்டும் பழுதானவை அல்ல. ஆனாலும் போக்குவரத்து நின்றுவிட்டது. இப்படியே ஒரு நிரல் அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு கோப்புக்காகவும், இன்னொரு நிரல் கோப்பைப் பிடித்துக்கொண்டு அச்சுப்பொறிக்காகவும் காத்திருந்தால், இரண்டும் நகராது. அப்போது ஒரு நிரலை நிறுத்தினால் மற்றது ஓடத் தொடங்கும்.

வேறு சில நேரம் எல்லாமே ஒரேயடியாக நின்று, பிழைச் செய்தி தோன்றும். விண்டோஸ் கணிப்பொறிகளில் பல ஆண்டுகளாக இது நீலத் திரையாக வந்தது. அண்மைப் பதிப்புகளில் கறுப்புத் திரை. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மேலும் ஓடினால் கோப்புகள் பாழாகலாம் என்று தெரிந்து, ஆபரேட்டிங் சிஸ்டம் தானே வேலையை நிறுத்திவிடுகிறது என்பதே இதன் பொருள்.

எண்பத்தைந்து லட்சம் கணிப்பொறிகள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு நிரலுக்கான சிறு கோப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. அதைப் பெற்ற விண்டோஸ் கணிப்பொறிகள் ஒவ்வொன்றாக நீலத் திரை காட்டி விழுந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, விழுந்தவை சுமார் 85 லட்சம். மருத்துவமனைகள், வங்கிகள், விமான நிலையங்கள் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள்.

என்ன பிழை தெரியுமா? நிரல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. அதற்குக் கிடைத்தவை 20 மட்டுமே. இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் அது கைவைத்தது. நம் வயல்களில் ஒவ்வொருவருக்கும் வரப்பு உண்டல்லவா? நினைவகத்திலும் ஒவ்வொரு நிரலுக்கும் வரப்பு உண்டு. சாதாரண நிரல் வரப்பைத் தாண்டினால், அந்த நிரலை மட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுத்திவிடும். ஆனால் இந்தப் பாதுகாப்பு நிரலோ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையத்திலேயே ஓடுவது. அங்கே தவறு நேர்ந்தால் முழுக் கணிப்பொறியும் நிற்க வேண்டியதுதான்.

நிறுவனம் 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் விழுந்த கணிப்பொறிகளில் பல, இயக்கும்போதெல்லாம் மீண்டும் விழுந்தன. ஆகவே ஆட்கள் நேரில் சென்று, 'பாதுகாப்பு முறை'யில் இயக்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு முறை என்பது, மிகத் தேவையான நிரல்களை மட்டும் வைத்துக் கணிப்பொறியை எழுப்புவது.

வெப்பம், உப்பு, மின்னல்

எல்லாக் குற்றமும் நிரலுடையது அல்ல. கணிப்பொறியின் மூளையான செயலி, வேலை செய்யும்போது சூடாகிறது. வெப்பம் 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; பிறகு நின்றுவிடும். மின்விசிறியில் தூசி அடைந்தாலோ, மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை மூடினாலோ இப்படி நேரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரியும் உண்டு. அது உப்புக்காற்று. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மின்சாரம் பாயக்கூடிய மெல்லிய படலமாக உலோக முனைகளில் படிகிறது; அவற்றை அரிக்கவும் செய்கிறது. ராம் அட்டையின் முனைகள் சரியாகத் தொடாவிட்டால் கணிப்பொறி அடிக்கடி விழும்.

மின்னல் தாக்கினால் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, இணையக் கம்பி வழியாகவும் மிகை மின்னழுத்தம் வரலாம். எனவே இடி கேட்கத் தொடங்கியதுமே இரண்டையும் கழற்றிவிட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளியில் உள்ள யு.பி.எஸ். பெட்டி தாங்குவதோ சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள் வேலையைத் தொடர்வதற்கு அல்ல; சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கு.

நச்சுநிரல்களும் கணிப்பொறியை நிறுத்தக்கூடும். ஆனால் மிக ஆபத்தானவை சத்தமின்றி வேவு பார்ப்பவை. நமக்கு அருகிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை, இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முக்கியமான உள்வலையம் அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது.

விழுந்தால் என்ன செய்வது?

1. பிழைச் செய்தியில் உள்ள எண்ணையும் சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. உறைந்திருந்தால் சில நிமிடங்கள் பொறுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, மாட்டிக்கொண்ட நிரலை மட்டும் நிறுத்துங்கள்.

3. அதுவும் முடியாவிட்டால் அணைத்து மீண்டும் இயக்குங்கள். ராம் துடைக்கப்பட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

4. மீண்டும் மீண்டும் விழுந்தால், "கடைசியாக எதை மாற்றினோம்?" என்று கேளுங்கள். புதிதாகச் சேர்த்த நிரலையோ கருவியையோ நீக்கிப் பாருங்கள். தேவையானால் பாதுகாப்பு முறையில் இயக்குங்கள்.

5. வட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால், முதல் வேலை கோப்புகளை வேறிடத்தில் படியெடுப்பது. பழுது பார்ப்பது பிறகு.

6. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

மீண்டும் இயக்குவதை எளிதாக எண்ண வேண்டாம். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கும்போது, அதன் கணிப்பொறிக்கு அளவுக்கு மீறிய வேலை வந்தது. அது எச்சரிக்கை எழுப்பிவிட்டுத் தன்னைத்தானே மீண்டும் தொடங்கி, முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் தொடர்ந்தது. விண்கலம் பத்திரமாகத் தரையிறங்கியது. விழாத கணிப்பொறியை யாரும் செய்ததில்லை. விழுந்தால் எழுவதற்கான வழியை முன்பே அமைத்து வைத்திருந்தார்கள். உங்கள் கட்டுரைக்கு அந்த வழி, வேறிடத்தில் எடுத்து வைத்த ஒரு படி.

செய்து பாருங்கள்: மேலே சொன்ன மூன்று விசைகளை அழுத்தி, நினைவகப் பயன்பாட்டின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரலாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் அளவைக் குறியுங்கள். வரைபடத் தாளில் வரைந்து பாருங்கள். எந்த நிரல் அதிக இடம் கேட்கிறது?