பிறந்த ஆற்றைத் தேடி வரும் மீன்

பசிபிக் மாகடலில் இரண்டரை ஆண்டுக் காலம் திரிந்த ஒரு மீன், தான் பொரிந்த அதே ஆற்றுக்குச் சுமார் 500 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வருகிறது என்றால் நம்புவீர்களா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஆடம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள சூச்வெக் பூங்காவில், ஆண்டுதோறும் அக்டோபரில் மக்கள் இதை நேரில் காண்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கூட்டம் மிகப் பெரியதாக இருக்கும். 2010, 2014, 2018, 2022 ஆகியவை அத்தகைய ஆண்டுகள்.

இவை சாக்கை வகைச் சால்மன் மீன்கள். கடலில் வெள்ளிபோல் மின்னியவை, இங்கே குருதிச் சிவப்பு உடலும் பச்சைத் தலையுமாக மாறியிருக்கும். கடலில் தின்ற சிற்றுயிர்களிலிருந்து தசையில் சேர்ந்த நிறமிதான் இப்போது தோலுக்கு வந்திருக்கிறது. ஆணின் தாடை கொக்கிபோல் வளைந்து, முதுகில் திமில் எழும்பியிருக்கும்.

ஆற்றில் நுழைந்த பிறகு இந்த மீன் உணவு உண்பதில்லை! கடலில் சேர்த்த கொழுப்பும் தசையுமே அதன் எரிபொருள். வழியில் எங்கும் நிரப்ப முடியாத தொட்டியுடன் புறப்பட்ட வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினாலும், தாமதித்தாலும், தொட்டி காலியாகிவிடும்.

அப்படியானால் வழி எப்படித் தெரிகிறது? கடலில் உதவுவது பூமியின் காந்தப்புலம். பிரேசர் ஆற்றின் முகத்துவாரத்திற்கு எதிரே வான்கூவர் தீவு குறுக்கே கிடக்கிறது. மீன்கள் அதன் வடக்கு வழியாகவும் வரலாம், தெற்கு வழியாகவும் வரலாம். காந்தப்புலமோ ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகர்வது. 56 ஆண்டு மீன்பிடிக் கணக்குகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சுவையான செய்தி ஒன்றைச் சொன்னது. மீன் கடலுக்குப் புறப்பட்டபோது முகத்துவாரத்தில் இருந்த புல வலிமைக்கு, அது திரும்பும் ஆண்டில் எந்த வாயிலின் வலிமை நெருங்கியிருக்கிறதோ, அந்த வாயிலை நாடும் மீன்கள் கூடுகின்றன. கடல்நீரின் வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு.

ஆற்றுக்குள் வந்தபின் மூக்குதான் வழிகாட்டி. அமெரிக்க விலங்கியலார் ஆர்தர் ஹாஸ்லர் ஒருமுறை மலையேறும்போது, அருவியருகே பாசியும் செடிகளும் கலந்த மணம் வீச, மறந்துபோன இளமை நினைவுகள் சட்டென்று திரும்பினவாம். மீனுக்கும் இப்படித்தானோ என்று எண்ணினார். 1970களில் அவர் குழுவினர், கோஹோ வகைச் சால்மன் குஞ்சுகளில் ஒரு பகுதியை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து, மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். அவை வளர்ந்து திரும்பும் பருவத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டவிட, பெரும்பாலானவை அந்த ஓடைக்கே வந்து சேர்ந்தன!

ஆனால் வழி தெரிந்தால் மட்டும் போதாது. பிரேசர் ஆறு 'ஹெல்ஸ் கேட்', அதாவது நரக வாயில், என்னுமிடத்தில் சுமார் 35 மீட்டராகக் குறுகுகிறது. குழாய் முனையை விரலால் பாதி மூடிப் பாருங்கள், நீர் சீறிப் பாயும். அதே விதிதான். நீரின் வேகம் இருமடங்கானால் நீந்தும் மீனுக்கு எதிர்ப்பு விசை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 1913இல் இருப்புப்பாதை போட வெடிவைத்த பாறைகள் இங்கே ஆற்றில் கொட்டின. 1914இல் பெருஞ்சரிவும் ஏற்பட்டது. ஏற முயன்று முயன்று ஆற்றலை இழந்த எண்ணற்ற மீன்கள் முட்டையிடாமலே மாண்டன. மீன்வளம் பல பத்தாண்டுகள் தலைதூக்கவில்லை. 1940களின் நடுவில்தான், வேகத்தைத் தணித்து மீன் இளைப்பாற இடம் தரும் கான்கிரீட் வழிகள் அமைந்தன. ஆடம்ஸ் ஆற்று மீன்கள் இன்றும் இந்த இடுக்கைக் கடந்தே வரவேண்டும்.

இப்போது இன்னொரு தடை, வெப்பம். மீன் குளிர்குருதிப் பிராணி. நீர் சூடானால் அதன் உடலில் எரிபொருள் வேகமாகச் செலவாகும். ஆற்றுநீர் 20 டிகிரி செல்சியசை நெருங்கும் ஆண்டுகளில் வழியிலேயே இறப்பவை அதிகம்.

வந்து சேர்ந்த பெண்மீன் வாலால் சரளைக்கல்லில் குழிபறித்து மூவாயிரம் முட்டைகளுக்குமேல் இடுகிறது. இத்தனை முட்டையிலிருந்து இரண்டே மீன்கள் திரும்பினாலும் இனத்தின் எண்ணிக்கை குறையாது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னர் ஓரிரு வாரங்களில் ஆணும் பெண்ணும் இறந்துவிடுகின்றன. கரையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்த உடல்கள் அழுகி நீரில் சேர்க்கும் சத்தில்தான் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வசந்தத்தில் பொரியும் குஞ்சுகள் ஷுஸ்வாப் ஏரிக்குச் சென்று ஓராண்டு தங்கி, பிறகு கடலை நோக்கிப் புறப்படுகின்றன.