இளைஞர் வழிபாடும் குணநல உருவாக்கமும்

இளைஞர் வழிபாடு பற்றிப் பேசும்போது எத்தகைய பாடல், எத்தகைய இசைக்கருவி என்னும் வினாக்களே முதலிடம் பெறுகின்றன. அவ்வழிபாடு இளைஞரை எத்தகைய மாந்தராக உருவாக்குகிறது என்பதே ஆயர் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும். இதனை எண்ணிப்பார்க்கத் திருச்சபை வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு.

1881 பிப்ரவரி 2ஆம் நாள், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகரான பிரான்சிஸ் கிளார்க் தம் இல்லத்தில் இளைஞரைக் கூட்டிக் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது அமெரிக்க மிஷனரிமார் வழியாக மதுரை, யாழ்ப்பாணப் பகுதிச் சபைகளிலும் வேரூன்றியது.

சங்கத்தார் ஏற்ற உறுதிமொழி கருத்தூன்றி நோக்கத்தக்கது. நாள்தோறும் ஜெபிப்பதாகவும் திருமறை வாசிப்பதாகவும் ஒவ்வோர் உறுப்பினரும் வாக்களித்தனர். ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் ஏதேனும் ஒரு பங்கு வகிக்கவேண்டும். பாடுவது மட்டும் அப்பங்காகாது. ஒரு வசனமோ, சிறு ஜெபமோ, சாட்சியோ அவரவர் வாயிலிருந்து வரவேண்டும். மாதந்தோறும் அர்ப்பணக் கூட்டத்தில் பெயர் அழைக்கப்பட்டது. வர இயலாதவர், தம் பெயர் வாசிக்கப்படும்போது படிக்கப்படுவதற்கென்று ஒரு வசனத்தையேனும் அனுப்பினர். சோர்ந்து பின்வாங்குவோரைத் தேடிச் செல்ல ஒரு குழுவும் இருந்தது.

இம்முறையில் குணநலம் தனிப்பாடமாகப் போதிக்கப்படவில்லை. தன் சொந்தச் சொற்களால் ஜெபிப்பவன் தன் உள்ளத்தோடு உண்மையாயிருக்கப் பழகுகிறான். பெயர் சொல்லி அழைக்கப்படுபவன் கூட்டத்தில் மறைந்து வாழ இயலாது. வராதவனைத் தேடிச் செல்பவன் பிறர் பாரத்தைச் சுமக்கக் கற்கிறான்.

எனினும் இதில் இடர் ஒன்றுண்டு. உறுதிமொழி எளிதில் நியாயப்பிரமாணமாக மாறிவிடும், பெயர்ப்பட்டியல் குற்றப்பட்டியலாகிவிடும். ரோமர் 12:1-2இல் பவுல் தேவனின் இரக்கங்களை முன்வைத்த பின்னரே சரீரங்களை ஒப்புக்கொடுக்க அழைக்கிறார். அதன் பின்னரே மனம் புதிதாவதைக் கூறுகிறார். இவ்வரிசையை நாம் மாற்றலாகாது. குணநலம் கிருபைக்கு நாம் அளிக்கும் மறுமொழி. அதைப் பெறச் செலுத்தும் விலையன்று. நீதியற்ற வழிபாட்டின் இசையைத் தேவன் வெறுக்கிறார் என்னும் ஆமோஸ் 5:21-24இன் எச்சரிப்பையும் நாம் மறக்கலாகாது.

ஆண்டிற்கொருமுறை வாலிபர் ஞாயிறு அன்று இளைஞரிடம் பீடத்தை ஒப்படைத்து, எஞ்சிய ஞாயிறுகளில் அவர்களை வாளாவிருக்கச் செய்யும் சபைகள் உண்டு. ஒரு நாள் நிகழ்ச்சி திறமையைக் காட்டலாம். குணத்தை உருவாக்குவது தொடர்ந்த பழக்கமே. அவ்வாரம் நோயாளரைச் சந்தித்த இளைஞரே ஞாயிறன்று பரிந்துரை ஜெபத்தை ஏறெடுக்கட்டும். வராத இளைஞனைத் தேடி அவனுடைய நண்பர் செல்லட்டும். அவர்களோடு ஆயரும் செல்லட்டும். தான் இல்லாத குறையைச் சபை உணர்ந்தது என்று அறியும் இளைஞன் திரும்பி வர வழியுண்டு.